டி.என்.ஏ. ஷீட்டை யாரும் தொடவே மாட்டேன் என்கிறார்களா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருப்பூரில் டி.என்.ஏ. என்றால் மரபணு இல்லை. டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர். ஒரு ஆர்டர் கைக்கு வந்த நாள் தொடங்கி தூத்துக்குடி போய்க் கப்பலேறும் நாள் வரை, எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்று எழுதிவைக்கும் அட்டவணை. லேப் டிப் அப்ரூவல் (சின்னத் துண்டில் சாயம் போட்டுக் காட்டி, சரக்கை வாங்கும் பையரிடம் நிறத்துக்கு ஒப்புதல் வாங்குவது), நூல், நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), டையிங் (சாயம் போடுவது), காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி இறுக்குவது), பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முன் பையர் ஒப்புதலுக்குத் தைக்கும் மாதிரி), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் அதில் வரும். ஷிப்மெண்ட் தேதியில் ஆரம்பித்துப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே வருவார்கள். புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் படித்தவர்கள் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் அது இந்த ஒற்றை ஷீட்தான்.

ஷீட் போடுவது ஒரு மதிய நேர வேலை. கம்பெனி அதன்படி நடப்பது வேறு கதை. முதலில் மெர்ச்சண்டைசராகவும் (பையரோடு பேசி ஆர்டரை நடத்திக் கொடுப்பவர்) அப்புறம் பிளானிங்கிலும் மூன்று கம்பெனிகளில் இதைக் கொண்டுவரப் பார்த்திருக்கிறேன். முதல் கம்பெனியில் மூன்றே மாதத்தில் மூட்டை கட்டினேன். இரண்டாவதில் பாதிக் கிணறு. மூன்றாவதில் நொண்டிக்கொண்டாவது இன்றும் ஓடுகிறது. அந்த அனுபவத்தைத்தான் அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் இடத்தில் எது தெரிகிறதோ அதற்கு நேராகப் போங்கள். கட்டட வேலையோ, மென்பொருளோ, வேறு எதுவோ உங்கள் தொழில் என்றால் பெயர்களை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை.

பென்சில் சோதனை

ஷீட்டை பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியாகப் போய், அந்த வரிக்குப் பொறுப்பான ஆள் நீங்கள்தான் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் பென்சிலால் இரண்டு விஷயம் எழுதுங்கள்: இந்தத் தேதியை உண்மையாக நிரப்பினால் எனக்கு என்ன கிடைக்கும்? என்ன போகும்?

நான் முதன்முதலில் இதைச் செய்து பார்த்தபோது பதினோரு வரிகளில் ஒன்பதில் ஒரே பதில் வந்தது. கிடைப்பது ஒன்றுமில்லை. போவது, திங்கட்கிழமை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் மானம். மீதி இரண்டு வரிகளுக்குப் பொறுப்பு நான்தான். அவற்றில் லாபம் எனக்கு. இதைப் பார்த்த பிறகு "நம்ம ஆளுங்களுக்கு சிஸ்டமே ஒத்துவராது" என்று டீக்கடையில் புலம்புவதை நிறுத்திக்கொண்டேன். அந்த பிரிண்டை யாருக்கும் காட்டாதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். கீழே அடிக்கடி தேவைப்படும்.

அறிகுறி: மீட்டிங்கில் எல்லோரும் சரி என்றார்கள், ஷீட் காலியாகவே கிடக்கிறது

இதை உடனே எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷீட் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது மெர்ச்சண்டைசரின் கம்ப்யூட்டரில் எக்செல் ஃபைலாக இருக்கும். நிட்டிங் பார்ப்பவரோ காலையில் ஒரு ஜாப்-ஒர்க் யூனிட் (கூலிக்கு வேலை செய்து தரும் வெளிப் பட்டறை), மதியம் இன்னொரு யூனிட் என்று பைக்கில் சுற்றிக்கொண்டிருப்பார். அவர் எந்த நேரத்தில் உங்கள் ஃபைலைத் திறப்பார்? வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால் போதும், நிரப்புவது என் வேலை என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் கம்பெனியில் ஒரே வாரத்தில் பாதி ஷீட் நிரம்பியது இதனால்தான்.

அடுத்து, எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். என் முதல் ஷீட்டில் 42. பையர் சார்பில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரிய பையிங் ஹவுஸின் ஃபார்மட்டை அப்படியே தூக்கி வைத்திருந்தேன். இப்போது 11. ஒரு தேதி தவறினால் அடுத்த ஆளின் வேலை நின்றுபோகுமா என்று கேட்டேன். நிற்காது என்றால் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன்.

இந்த இரண்டும் சரியாக இருந்தும் காலியாக இருந்தால், "சரிங்க" என்ற சொல்லைச் சந்தேகப்படுங்கள். நம் பக்கத்தில் "சரிங்க" என்பது பெரும்பாலும் மரியாதைச் சொல். நீங்கள் பேசி முடித்துவிட்டீர்கள் என்பதற்கான ஒப்புகைதான் அது, சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "பார்த்துக்கலாங்க" என்றால் நடக்காது என்று பொருள். கூட்டத்தில் கேட்ட "சரிங்க"வைக் கணக்கில் எடுக்காமல், தனியாக அவர் இடத்துக்கே போய், "இதுல எது உங்களுக்கு எடஞ்சல்?" என்று கேளுங்கள். அப்போது வாயைத் திறப்பார்கள்.

அறிகுறி: ஷீட்டில் எல்லாம் பச்சை, சரக்கு மட்டும் விமானத்தில் போகிறது

ஷீட்டில் வேலை முடிந்தால் பச்சை, தவறினால் சிவப்பு. எல்லாம் பச்சையாக இருந்தும் கப்பல் தேதி தவறி, கூடுதல் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டி வருகிறதா? இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. காலி ஷீட் பொய் சொல்லாது.

ஒரு முறை 9,000 பீஸ் ஆர்டர். நேவி ப்ளூ சிங்கிள் ஜெர்ஸி துணி. டையிங் வரியில் பச்சை விழுந்து நாலு நாள் ஆகியிருந்தது. மறுநாள் கட்டிங் ஆரம்பம். எதற்கும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று ஃபேப்ரிக் ஸ்டோருக்குப் போனால் 22 ரோலில் 13தான் இருந்தது. மீதி, ஷேடு (நிறம்) ஒத்துவராமல் டையிங்குக்கே திரும்பிப் போயிருந்தது. டையிங் பார்க்கும் அண்ணனைப் பிடித்து, "அப்புறம் எதுக்குண்ணா பச்சை போட்டீங்க?" என்றேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"டையிங் முடிஞ்சுதுங்களே தம்பி. ஷேடு ஓ.கே. ஆகலைங்கறது வேற விசயமுங்க."

அவர் சொன்னதுதான் சரி. என் ஷீட்டில் இருந்த கேள்வி, "டையிங் முடிந்ததா?" முடிந்தது, பச்சை. தவறு கேள்வியில் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் ஷீட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: "அப்ரூவ் ஆன ஷேடில், காம்பேக்டிங் முடிந்து, கணக்குப்படி முழு கிலோவும் நம் ஸ்டோரில் இறங்கியதா?" நீளம்தான், ஆனால் அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. எல்லா வரிகளுக்கும் இதைச் செய்யுங்கள். "முடிந்தது" என்றால் அடுத்த ஆள் கை வைத்து வேலையைத் தொடங்கலாம் என்று அர்த்தம் வர வேண்டும்.

கேள்வி சரியாக இருந்தும் பொய்ப் பச்சை வந்தால், காரணம் பயம். 2006இல் ஃபோர்டு கார் கம்பெனிக்கு ஆலன் முலாலி தலைவராக வந்தபோது நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு துறைத் தலைவரும் வாரா வாரம் தங்கள் வேலை நிலவரத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுக் காட்ட வேண்டும் என்றார். வந்ததெல்லாம் பச்சை. கம்பெனியோ அந்த ஆண்டு 1,200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டத்தில் இருந்தது. நஷ்டம் இவ்வளவு இருக்கும்போது எல்லாம் எப்படிப் பச்சை என்று அவர் கேட்டும் யாரும் அசையவில்லை. கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, எட்ஜ் என்ற புது மாடலின் பின்கதவில் ஒரு கோளாறு, அதனால் வண்டியை வெளியே விட முடியவில்லை என்று சிவப்பு காட்டினார். அறையே அமைதி. இந்த ஆள் தொலைந்தார் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்களாம். முலாலி கைதட்டினார். இவருக்கு யாரால் உதவ முடியும் என்று கேட்டார். அடுத்தடுத்த வாரங்களில்தான் மற்றவர்களின் தாள்களிலும் சிவப்பும் மஞ்சளும் வர ஆரம்பித்தன.

நம் கம்பெனியில் கைதட்டினால் நக்கல் என்று நினைப்பார்கள். அதனால் நான் செய்தது வேறு. சிவப்பு வந்தால் அந்த மீட்டிங்கில் "ஏன்?" என்ற கேள்வியைத் தடைசெய்தேன். கேட்கலாம் என்று அனுமதித்தவை மூன்றுதான்: எத்தனை நாள் தள்ளும்? இதனால் யார் வேலை நிற்கும்? இன்றைக்கு யார் உதவ முடியும்? ஏன் என்பதை ஷிப்மெண்ட் போன பிறகு டீ குடித்துக்கொண்டே பேசிக்கொள்ளலாம். முதல் சிவப்பு வந்த அன்று கம்பெனி வண்டியை டையிங் யூனிட்டுக்கு அனுப்பி, கூடவே நானும் போய் ஷேடு கார்டோடு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். சிவப்பு போட்டால் ஆள் வருகிறது என்று அந்த அண்ணன் மற்றவர்களிடம் சொன்னது, நான் எடுத்த எல்லா டிரெய்னிங்கையும் விட அதிகம் வேலை செய்தது.

ஒரு எச்சரிக்கை. முதல் சிவப்புக்கு நீங்களோ முதலாளியோ ஒரு முறை கத்திவிட்டால் அதோடு முடிந்தது. அந்த சீசன் முழுக்கப் பச்சைதான்.

அறிகுறி: "இருபது வருசமா இந்தத் தொழில்ல இருக்கறமுங்க, எங்களுக்குத் தெரியாததா?"

இந்த வாக்கியம் பெரும்பாலும் கட்டிங் மாஸ்டரிடமிருந்து வரும். கேட்டதும் கோபம் வரும். வேண்டாம். அதை அப்படியே நிஜக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது என்ன என்று தேடுங்கள். ஒன்றாவது இருக்கும்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவே இல்லை. ஷீட்டில் அவர் வரி எப்போதும் ஒரு நாள் லேட். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் டேபிளுக்கே போய், ஷீட்டை விரித்து, கையில் பேனாவையும் கொடுத்து, "மாஸ்டர், இதுல தப்பா இருக்கறதை எல்லாம் அடிச்சு விடுங்க" என்றேன். பேனாவை வாங்கவில்லை. கட்டிங் டேபிளில் கிடந்த சாக்பீஸை எடுத்து டேபிள் மேலேயே இரண்டு கோடு போட்டார்.

"துணி எறங்கற தேதியும் கட்டிங் தேதியும் ஒண்ணா எழுதியிருக்கீங்க. லைக்ரா போட்ட துணியை ரோலைப் பிரிச்சு ஒரு நாள் ஆறப் போடாம வெட்டினா, வெட்டுன பிறகு சுருங்குமுங்க தம்பி. அளவு குத்தம் வந்தா பையர் உங்களையா கேப்பான், என்னையத்தான் கேப்பீங்க."

அந்த ஒரு நாளை அவர் வருஷக் கணக்கில் யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டுதான் இருந்தார். யாரும் கவனிக்கவில்லை, சரக்கு நன்றாகப் போனது. என் ஷீட் வந்ததும் அந்த நாள் "லேட்" என்று சிவப்பில் தெரிய ஆரம்பித்தது. ஒழுங்காக வேலை செய்ததற்கு ஒரு மனிதரை வாரா வாரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன். அவர் எதிர்க்காமல் என்ன செய்வார்? துணி ஆறும் நாள் என்று ஒரு வரி புதிதாகச் சேர்த்தேன். அதன் தேதியை அவரே போடட்டும் என்று விட்டேன். தன் கையால் போட்ட தேதியை அவர் தவறவிட்டதை நான் பார்த்ததில்லை.

இது ஏதோ எங்கள் கம்பெனி அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் மேரியன் ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா கம்பெனி இருந்தது. நம்மைப் போலவே தையல் வேலை, நம்மைப் போலவே பீஸ் ரேட், அதாவது முடித்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி. அங்கே நடந்த ஒரு ஆய்வு 1948இல் வெளியானது. மாற்றம் ரொம்பச் சின்னது: அயர்ன் செய்த துணியை அரை டஜனாக ஒரு அட்டை மேல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் இனி ஒரு பெட்டிக்குள் அடுக்க வேண்டும். ஒரு குழுவுக்குக் காரணத்தை விளக்கிச் சொல்லி, மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். முடிவெடுத்தது மேலே. அந்தக் குழுவில் 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள், உற்பத்தியும் விழுந்த இடத்திலேயே கிடந்தது. வேறு குழுக்களில் எல்லோரையும் உட்காரவைத்து, எப்படி மாற்றலாம், ரேட் எவ்வளவு வைக்கலாம் என்பதையே அவர்களோடு சேர்ந்து முடிவு செய்தார்கள். அங்கே உற்பத்தி சீக்கிரமே பழைய அளவுக்கு வந்து, பிறகு அதைவிட 14 சதவீதம் வரை மேலே போனது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கடைசிப் பகுதி. முதல் குழுவில் மிச்சம் இருந்த அதே ஆட்களை, சில மாதம் கழித்து இன்னொரு மாற்றத்தின்போது கலந்து பேசி முடிவெடுக்க வைத்தார்கள். இந்த முறை அவர்களும் மளமளவென்று ஏறிவிட்டார்கள். முதல் முறை முரண்டு பிடித்தவர்கள் என்று பெயர் வாங்கிய அதே ஆட்கள்.

ஆகவே வேலை இதுதான்: ஷீட்டை விளக்கப் போகாதீர்கள், திருத்தக் கொடுங்கள். அவர்கள் அடித்ததில் குறைந்தது ஒன்றையாவது அன்றே மாற்றிக் காட்டுங்கள். எதையும் மாற்றுவதாக இல்லை என்றால் கேட்கவே கேட்காதீர்கள், அது கேட்காமல் இருப்பதை விட மோசம்.

அறிகுறி: தையல் லைனில் மணிக்கணக்கு போர்டு எழுத விடமாட்டேன் என்கிறார்கள்

ஒரு மணிக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எழுதப் போனால் ஓவர்லாக் டைலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், கான்ட்ராக்டர் சண்டைக்கு வருவார். எண்ணிக்கை சொல்ல வேண்டிய கைமடிப் பெண் (டைலரின் உதவியாள்) இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எண்ணத் தெரியாத மாதிரி நிற்பாள். இதற்கு ஒரே ஒரு காரணம்தான் நான் பார்த்தது: இவ்வளவு தைக்க முடியும் என்று தெரிந்தால் பீஸ் ரேட்டைக் குறைப்பார்கள் என்ற பயம். எங்கேயோ ஒரு கம்பெனியில் அவர்களுக்கு அது நடந்தும் இருக்கும். பேசிச் சமாதானப்படுத்த முடியாது. இந்த ஸ்டைல் (இப்போது தைக்கும் டிசைன்) முடியும் வரை ரேட் மாறாது என்று முதலாளி வாயால் லைனில் வந்து சொல்ல வேண்டும், சனிக்கிழமை சம்பளத்தில் அது தெரிய வேண்டும். முதலாளி அதற்குத் தயாராக இல்லை என்றால் போர்டைக் கழற்றிவிடுங்கள். அவர்கள் பயந்தது சரி.

அறிகுறி: தேதி கேட்டால் எல்லோரும் இரண்டு மடங்கு சொல்கிறார்கள்

ஏழு நாள் வேலைக்குப் பதினாலு நாள். நிட்டிங்கில் ஒரு பதுக்கல், டையிங்கில் ஒரு பதுக்கல், கட்டிங்கில் ஒரு பதுக்கல். கூட்டிப் பார்த்தால் ஷிப்மெண்ட் தேதியைத் தாண்டிப் போகும்.

திட்டுவதற்கு முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டதைப் பார்த்த ஆட்கள் இவர்கள். துணியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்கள். இன்ன தேதிக்கு டையிங் முடியும் என்று அவர்களில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், போடச் சொல்வதும் நியாயமில்லை.

இரண்டு தேதி கேளுங்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தால் எப்போது? நூல் லேட்டாகி, கரண்டும் போனால் எப்போது? முதல் தேதியை வரியில் போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதியை, நாங்கள் பாதி வைத்துக்கொள்கிறோம், எல்லா வரிகளிலிருந்தும் சேர்த்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் ஒரே மொத்தமாக வையுங்கள். யாருக்குத் தேவையோ அவர் அதிலிருந்து எடுத்துக்கொள்வார், எடுத்தவருக்குத் திட்டு கிடையாது. பதுக்கல் தனித்தனி டிராயரிலிருந்து பொது உண்டியலுக்கு வந்துவிடும்.

அந்த உண்டியலில் ஆறு நாள் இருப்பதை மார்க்கெட்டிங் ஆட்கள் பார்த்தால் பையரிடம் ஆறு நாள் முன்னாடியே தருகிறோம் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு நடந்தது. அதனால் அந்த வரிக்கு எங்கள் ஷீட்டில் "ஃபைனல் ஆடிட் தயாரிப்பு" என்று பெயர் வைத்திருக்கிறேன். கொஞ்சம் திருட்டுத்தனம்தான்.

அறிகுறி: முதலாளியே ஷெட்யூலை உடைக்கிறார்

திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் ஷீட்டைப் புகழ்வார். செவ்வாய்க்கிழமை ஒரு பையர் போனில் கத்தினால், நேராக லைன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, "அதை எறக்கிட்டு இதை ஏத்து" என்பார். ஓடிக்கொண்டிருந்த ஸ்டைல் நடுவில் நிற்கும். மெஷின் மாற்றி, டைலர்களை மாற்றி உட்காரவைத்து, புது ஸ்டைல் கைக்கு வர அந்த லைனில் அரை நாள் போகும். இறக்கிய ஸ்டைலை மறுபடி ஏற்றும்போது இன்னொரு அரை நாள். இதைப் பார்த்த பிறகு கம்பெனியில் ஒருவரும் உங்கள் ஷீட்டை மதிக்க மாட்டார்கள், மதிக்கவும் வேண்டியதில்லை.

வாதாடாதீர்கள். அது அவர் கம்பெனி, மாற்றும் உரிமை அவருக்கு உண்டு. மாற்றத்தின் விலை அவர் கண்ணில் படுகிறதா என்பதுதான் கேள்வி. இ. ஸ்ரீதரன் கொங்கண் ரயில்வே கட்டியபோதும் பிறகு டெல்லி மெட்ரோவிலும், முடிக்க வேண்டிய தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் பின்னோக்கி ஓடும் கடிகாரங்களை அலுவலகங்களில் மாட்டி வைத்திருந்தார். ஃபைலுக்குள் இருக்கும் தேதியைப் பார்க்காமல் இருந்துவிடலாம், சுவரில் இருப்பதிலிருந்து கண்ணை மறைக்க முடியாது. நான் ஒரு வெள்ளை போர்டை வாங்கி முதலாளி அறையிலேயே, அவர் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். ஓடுகிற ஆர்டர்கள், ஒவ்வொன்றுக்கும் மிச்சம் எத்தனை நாள், அவ்வளவுதான். தினமும் காலையில் டீ வருவதற்கு முன் எண்ணைக் குறைத்து எழுதுவேன். பிறகு ஒரு சின்ன வேண்டுகோள்: "மாத்துங்க சார், ஆனா எது தள்ளிப் போகுதோ அதோட நாளை நீங்களே உங்க கையால இந்த போர்டுல மாத்தி எழுதிருங்க." முதல் வாரம் மூன்று முறை எழுதினார். மூன்றாவது முறை பேனாவைத் திறந்து போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றார், அப்புறம் மூடிவிட்டு அந்தப் பையருக்குப் போன் போட்டு இரண்டு நாள் கேட்டார்.

இங்கே இன்னொரு வகை உண்டு, அதற்கு போர்டு உதவாது. பெரியவர் ஆரம்பித்த கம்பெனி, எம்.பி.ஏ. முடித்த மகன் அல்லது மகள் சிஸ்டம் கொண்டுவருகிறேன் என்று உங்களை வேலைக்கு எடுத்திருப்பார். அப்போது உங்கள் ஷீட் பெரியவர் கண்ணுக்கு ஷீட்டாகத் தெரியாது. கம்பெனி கை மாறுவதற்கான அறிவிப்பாகத் தெரியும். கட்டிங் மாஸ்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் பெரியவர் முகத்தைப் பார்த்துத்தான் நடப்பார்கள். என் முதல் கம்பெனியில் நான் சின்ன முதலாளியின் ஆளாகத்தான் உள்ளே போனேன், அப்படியே வெளியே வந்தேன். இப்போதாக இருந்தால் முதல் வாரமே பெரியவரிடம் போய் உட்கார்ந்து, ஒரு ஆர்டரை அவர் எப்படி மனதுக்குள் கணக்குப் போடுகிறார் என்று கேட்டிருப்பேன். அவர் தலைக்குள் ஒரு டி.என்.ஏ. ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை எழுதி, இது உங்கள் கணக்குதான் என்று அவரிடமே காட்டியிருப்பேன். சனிக்கிழமை சம்பளம் போடும் அம்மாவிடமும் ஒரு வார்த்தை பேசியிருப்பேன். எந்த வாரம் யாருக்குக் காசு போகிறது என்று அவருடைய சம்பள நோட்டுக்குத்தான் தெரியும்.

அறிகுறி: ஜாப்-ஒர்க் யூனிட்காரர் தேதியே சொல்ல மாட்டேன் என்கிறார்

பென்சில் சோதனையை எடுங்கள். அவருக்கு நீங்கள் எவ்வளவு பாக்கி? குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். நீங்கள் மூன்று மாதம் இழுத்தடித்தால், தேதிக்குப் பணம் தருபவரின் துணிதான் முதலில் டையிங் மெஷினுக்குள் போகும், உங்கள் துணி வரிசையில் நிற்கும். அவர் பேமெண்ட் தேதியையும் ஷீட்டில் ஒரு வரியாகச் சேருங்கள். அந்த வரி சிவப்பானால் உங்கள் அக்கவுண்ட்ஸ் பதில் சொல்லட்டும்.

அறிகுறி: சாஃப்ட்வேர் வாங்கியாயிற்று, எல்லோரும் பழைய நோட்டையே தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்

நோட்டைப் பிடுங்காதீர்கள். அதில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பேக்கிங் சூப்பர்வைசர் நோட்டில் ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் எந்த சைஸ் எத்தனை குறைகிறது என்று இருக்கும், உங்கள் சாஃப்ட்வேரில் அதற்கு இடமே இருக்காது. நோட்டில் இருப்பது எல்லாம் திரையில் வரும் வரை நோட்டுதான் அசல்.

அறிகுறி: ஆறு மாதம் நன்றாக ஓடியது, அப்புறம் நின்றுபோனது

பெரும்பாலும் இது எதிர்ப்பு இல்லை. ஷீட்டை நிரப்பிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், அல்லது பக்கத்துக் கம்பெனியில் இரண்டாயிரம் அதிகம் கொடுத்திருப்பார்கள். ஒரே ஆள் தலையில் இருந்த சிஸ்டம் அந்த ஆளோடு போய்விட்டது. எப்போதும் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதில் ஒருவர் ஆபீஸில் உட்காராதவராக இருப்பது நல்லது.

இன்னொரு காரணம், எல்லா ஆர்டருக்கும் ஷீட் போட்டது. துணி ஸ்டோரிலேயே இருக்கிற, நாலாவது முறையாக வரும் மூவாயிரம் பீஸ் ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு டி.என்.ஏ. எதற்கு? அதை மாஸ்டரே பார்த்துக்கொள்வார். தேவையில்லாத இடத்தில் நிரப்பச் சொன்னால், தேவையான இடத்திலும் சும்மா நிரப்பப் பழகிவிடுவார்கள்.

நின்றுபோனதை மறுபடி ஓட்ட வேண்டும் என்றால் பழைய ஃபைலைத் திறக்கவே திறக்காதீர்கள். விட்டுப்போன கட்டங்களை நிரப்பச் சொல்லி ஆளை விரட்டினால் மொத்தமாக வெறுத்துவிடுவார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போன டைலர்கள் எல்லாம் திரும்பி, லைன் நிறைந்த பிறகு ஒரு திங்கட்கிழமை பாருங்கள். கையில் இருப்பதிலேயே சிக்கலான ஒரே ஒரு ஆர்டரை எடுங்கள். ஷிப்மெண்ட் தேதியை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கட்டிங் டேபிளுக்குப் போங்கள், மாஸ்டரிடம் சாக்பீஸைக் கொடுங்கள், அங்கிருந்து பின்னோக்கி அவரே எண்ணிக்கொண்டு வரட்டும்.